சர்க்கரை டப்பாவின் மூடி

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் ரேடியோ. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து ரேடியோக்கா என்பார்கள். பிரஸ் கூடத்தில் இருந்த காலம் முழுக்க ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசாதவளுக்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. அந்தக் கூடத்துக்குள் ஒரு தடவை அழைத்துப் போய் நிறுத்தினால் தானாகப் புரிந்துவிடும்.

பெயிண்ட் அடைக்கிற தகர டப்பாக்கள் செய்கிற இடம் அது. மூடிகளை அடித்துத் தள்ளுகிற பிரஸ் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் தகரத் தகட்டின் மேல் தலையை மோதிக்கொண்டே இருக்கும், ஷிப்ட் முடியும்வரை. டீ டம்ளரை மேசைமேல் வைத்தால் டீ நடுங்கும். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற புது ஆள் முதலில் கண்ணை மூடிக்கொள்வான். மூட வேண்டியது காதை என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைக்கும்.

அங்கே கத்துவது வெட்டி வேலை. பக்கத்து இயந்திரத்துக்காரியின் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் அவளுக்குக் கிடைப்பது எச்சில்தான். அதனால் கூடத்துக்கென்று ஒரு பேச்சு உண்டு. குரலை வீட்டில் வைத்துவிட்டு, உதட்டை மட்டும் நன்றாக அகட்டி அகட்டிப் பேசுவார்கள். கூடவே கையும் பேசும். தோளில் இரண்டு விரல் வைத்தால் மேனேஜர் வருகிறார். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இந்தப் பேச்சில் ரேடியோவை மிஞ்ச ஆளில்லை. கூடத்தின் இந்தக் கோடியில் இருந்துகொண்டு அந்தக் கோடியில் நிற்கிறவளின் உதட்டைப் படிப்பாள், படித்ததை வழியில் இருக்கிற அத்தனை பேருக்கும் பரப்புவாள். காலையில் வாசலில் இறங்கிய செய்தி டீ நேரத்துக்குள் கடைசி இயந்திரம்வரை போய்ச் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்டவளை ரேடியோ என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

தொந்தரவெல்லாம் வெளியே வந்த பிறகுதான். கூடத்துப் பழக்கத்தில் வீட்டிலும் வாயை மட்டும் அசைப்பாள். தையல்காரரான அவள் கணவர் துணியிலிருந்து தலையைத் தூக்கி, "சத்தத்தோட சொல்லு தாயே" என்பார். சத்தத்தோடு சொல்லத் தொடங்கினாலோ தெருவுக்கே கேட்கும். ஒரு தடவை பேருந்தில் போகும்போது, கண்டக்டர் வைத்திருப்பது சொந்த முடி இல்லை என்று கணவரின் காதோடு ரகசியம் சொன்னாள். முன் சீட்டு, பின் சீட்டு, டிரைவர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் மட்டும் திரும்பவில்லை, தலையைத் தடவிக்கொண்டார். தையல்காரர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே கடந்தார்.

தனக்குக் காது கேட்கவில்லை என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "இந்தக் காலத்துல எவனும் வாயைத் தொறந்து பேசறதில்ல, முணுமுணுன்னு மென்னு முழுங்கறாங்க" என்று உலகத்தின்மேல் பழியைப் போட்டுவிடுவாள். தையல்காரர் வாதாடிப் பார்த்து ஓய்ந்துபோனார். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை ஒரு தடவை அணைத்துப் போடுவார். திரும்பிப் பார்ப்பாள். அப்புறம் முகத்துக்கு நேரே நின்று பேசுவார். குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இந்த வீட்டுக்குத்தான் மருமகள் வந்து சேர்ந்தாள். மகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பான். ஆக, மருமகள் வாழ வந்தது பெரும்பாலும் மாமியாரோடும் மாமனாரோடும்தான். அவளுக்கோ பாம்புக் காது. மாடிப்படியில் ஏறுகிற காலடியை வைத்தே எந்த வீட்டுக்காரர் என்று சொல்லிவிடுவாள். குளியலறையில் குழாய் சொட்டினால் படுக்கையிலிருந்து எழுந்து போய் மூடுவாள். தன்னிடம் குறைந்தது மருமகளிடம் கூடியிருக்கிறதே என்று ரேடியோ சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. காரணம், சர்க்கரை.

டாக்டர் ரேடியோவுக்குச் சர்க்கரையை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தார். அவர் சொன்னபோது உதட்டைப் படிப்பதில் கெட்டிக்காரியான ரேடியோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மருமகள் கூட வந்திருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து சமையலறையில் ஒரு போர். சர்க்கரை இருந்தது தொழிற்சாலையில் கழித்துக் கட்டிய ஒரு டப்பாவில், ரேடியோவே எடுத்து வந்தது. மூடியின் விளிம்பு கொஞ்சம் நெளிந்திருக்கும், திறக்கும்போது க்ரீச்சென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் ரேடியோவுக்கு மட்டும் கேட்காது. கேட்காது என்பதைவிட, அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பதையே மருமகள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"அத்தை, மூடுங்க."

மருமகள் குளித்துக்கொண்டிருப்பாள், துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள், அடுத்த அறையில் அரைத் தூக்கத்தில் இருப்பாள். எங்கிருந்தாலும் ஸ்பூன் சர்க்கரையில் இறங்குவதற்குள் கதவருகே வந்து நின்று இதையே சொல்வாள். ரேடியோ ஈரத்துணியைச் சுற்றித் திறந்து பார்த்தாள். மிக்சி ஓடும்போது திறந்து பார்த்தாள். தையல்காரரிடம் மிஷினை வேகமாக மிதிக்கச் சொல்லி, அந்த இரைச்சலில் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கையும் களவுமாக மாட்டினாள். "இந்தப் பொண்ணுக்குக் காது இருக்கிற எடத்துல ரெண்டு போலீஸ் ஸ்டேஷன் இருக்கு" என்று கணவரிடம் புலம்புவாள். ஆனால் கூடத்தில் போய் இந்தக் கதையை உதட்டால் ஒலிபரப்பும்போது அவள் முகத்தில் இருந்தது பெருமைதான். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

மருமகளுக்கு வீட்டில் பொழுது போகவில்லை. ரேடியோதான் அவளைப் பிரஸ் கூடத்துக்கு அழைத்துப் போனாள், மேஸ்திரியிடம் சொல்லி, தன் பக்கத்து இயந்திரத்தையே வாங்கிக் கொடுத்தாள். உதட்டுப் பேச்சு அவளுக்கு ஒரே மாதத்தில் படிந்துவிட்டது. வேலைக்குச் சேரும்போது ஒவ்வொருவருக்கும் காதில் செருகிக்கொள்ள இரண்டு ரப்பர் அடைப்பான் தருவார்கள். "அதை வெச்சா காது அரிக்கும், மிஷின் சத்தம் மாறினா தெரியாது, பைக்குள்ள போடு" என்று மாமியார் சொன்னாள், மருமகள் போட்டாள். மாமியார் சொன்னதை மருமகள் மறுபேச்சில்லாமல் கேட்டது அநேகமாக அந்த ஒன்றைத்தான்.

இனி காது டெஸ்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது.

வருஷத்துக்கு ஒரு தடவை அலுவலகத்துப் பின்னறையில் காது டெஸ்ட் நடக்கும். சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு நாற்காலி. உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே மேசையில் டெஸ்ட் எடுக்கிற பெண் ஓர் இயந்திரத்தில் சின்னச் சின்னதாகச் சத்தம் கொடுப்பாள். கேட்டால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். காது மந்தம் என்று தெரிந்தால் பிரஸ் கூடத்திலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். பேக்கிங் என்ற சொல்லைக் கேட்டாலே கூடத்தில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடாது. வேலைநீக்கத்துக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள்.

ஆகவே ஒரு வழி செய்திருந்தார்கள். அடுத்து டெஸ்ட்டுக்குப் போக வேண்டியவள் காத்திருக்கிற பெஞ்சு, டெஸ்ட் எடுக்கிற பெண்ணின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து பார்த்தால், அவள் சத்தம் கொடுக்கும்போதெல்லாம் இயந்திரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிவது தெரியும். கூண்டுக்குள் இருப்பவளுக்கு விளக்கு தெரியாது, பெஞ்சில் இருப்பவளின் முகம் தெரியும். விளக்கு எரிந்தால் பெஞ்சுக்காரி மூக்கைத் தேய்ப்பாள். கூண்டுக்காரி பொத்தானை அழுத்துவாள். அவ்வளவுதான். அடுத்தவள் உள்ளே போனதும் அவளுக்கு அடுத்தவள் மூக்கைத் தேய்ப்பாள். கடைசி ஆளுக்காக முதல் ஆள் திரும்ப வந்து உட்காருவாள். "எல்லாத்துக்கும் அழுத்தாதே, நடுவுல ரெண்டு மூணு விட்டுடு, இல்லேன்னா நாய்க்காதுன்னு சந்தேகப்படுவாங்க" என்று புதிதாக வருகிறவர்களுக்கு யோசனையும் சொல்லி வைத்திருந்தார்கள். காதும் காதும் வைத்தாற்போல் வருஷக்கணக்காக நடந்துவந்த ஏற்பாடு. மூக்கைத் தேய்ப்பதிலும் ரேடியோதான் முதல். கண்ணிமைக்கிற நேரம்கூடப் பிந்த மாட்டாள்.

மருமகள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோ வழக்கம்போல் சமையலறைக்குள் பூனையாக நுழைந்தாள். மருமகள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். இன்றைக்கும் மாட்டத்தான் போகிறோம் என்று தெரிந்தேதான் ரேடியோ மூடியைத் திறந்தாள். ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். மருமகள் திரும்பவில்லை. இரண்டாவது ஸ்பூனையும் போட்டாள். ஆஹா, ஜெயித்துவிட்டோம் என்று மனசு குதித்தது. மூன்றாவது ஸ்பூனுக்குக் கை போகும்போதுதான் இவள் ஏன் திரும்பவில்லை என்று உறைத்தது.

டப்பாவை மூடினாள். மறுபடி திறந்தாள். மருமகளின் தோள் அசையவில்லை. மூடியைக் கீழே போட்டாள், வேண்டுமென்றே. கீழே விழுந்த தகரம் ஆடி அடங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. முன்னறையில் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "என்ன ஆச்சு?" என்று எட்டிப் பார்த்தார். மருமகள் அதற்குப் பிறகுதான், அவர் நிழல் சுவரில் விழுந்ததைப் பார்த்துத்தான், திரும்பினாள்.

வாயில் இருந்த சர்க்கரை ரேடியோவுக்குக் கசந்தது.

தையல்காரர் போனதும் அவள் மருமகளின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். மாமனாருக்குக் கேட்கக் கூடாதே என்று இருவரும் கூடத்துப் பேச்சில்தான் பேசினார்கள். உதடு மட்டும்.

"மூடி விழுந்துது. கேக்கலையா?"

"யோசனையா இருந்தேன் அத்தை."

"எங்கிட்ட காது குத்தாதே."

மருமகள் முன்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு உதடு அசைந்தது. "தெரியும் அத்தை. சின்னச் சத்தமெல்லாம் போயிடுச்சு. குழாய் சொட்டறது, படி ஏறறது, எதுவும் இல்ல. யார்கிட்டயும் சொல்லாதீங்க. பேக்கிங்ல போட்டுடுவாங்க. அடுத்த வாரம் டெஸ்ட் வருது, பெஞ்சுல நீங்கதான் எனக்கு ஒக்காரணும். மத்தவங்க பிந்திடறாங்க."

மாமியாரின் மேல் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை. ரேடியோ தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த ரப்பர் அடைப்பானைப் பைக்குள் போடச் சொன்ன வாய் தன்னுடையதுதான் என்ற நினைப்பு அன்று முழுக்க அவளை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலையில் அடைப்பானைத் தேடி எடுத்துக் கழுவி மருமகளிடம் நீட்டினாள். "நீங்க வெக்கலையே அத்தை" என்றாள் மருமகள். ரேடியோ உள்ளே போனாள். தன்னுடையதையும் தேடி எடுத்தாள், இருவரும் செருகிக்கொண்டு போனார்கள். கூடத்தில் எல்லோரும் அவர்களை வேடிக்கை பார்த்தார்கள்.

அடைப்பான் மட்டும் போதாது, சத்தத்தையே குறைக்க வேண்டும் என்று பட்டது. வேறு தொழிற்சாலைகளில் பிரஸ்களைச் சுற்றி ரப்பர் பதித்த பெட்டிபோல் ஒரு கூடு போட்டு மூடிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். தன் சிநேகிதியை அழைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள். சிநேகிதி கூரையைத் தொடுகிற உயரம், ஊதினால் பறக்கிற உடம்பு, பெயர் ஒட்டடைக்குச்சி.

மேனேஜர் புதிதாக வந்தவர், சின்ன வயது, நல்ல மனிதர். இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார் என்பதுதான் கஷ்டம். இருவருக்கும் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்கள் என்று சொல்லவும் வழியில்லை, சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவர் தோள் அசைவு நிற்கிற இடத்திலெல்லாம் சேர்ந்து தலையாட்டினார்கள். நல்லவேளையாக ஒரு கட்டத்தில் அவரே திரும்பினார்.

"நானும் ரெண்டு தடவை மேலே கேட்டுப் பாத்துட்டேன்மா. அவங்க ஒண்ணுதான் கேக்கறாங்க. இத்தனை வருஷமா டெஸ்ட் எடுக்கறோம், அந்தக் கூடத்துல ஒருத்தருக்குக்கூடக் காதுல கோளாறு இல்லையே, அப்புறம் எதுக்கு மெஷினுக்குப் பெட்டின்னு. நான் என்ன பதில் சொல்றது? உங்க எல்லாருக்கும் தங்கக் காது."

வெளியே வந்தபோது இரண்டு தங்கக் காதுக்காரிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கம்பெனியின் காதில் பூச்சுற்றுவதாக நினைத்து இத்தனை வருஷமாகத் தங்கள் காதிலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருத்தி வேலையை ஒருத்தி காப்பாற்றுவதாக நினைத்து மூக்கைத் தேய்த்ததுதான் அந்த இயந்திரங்களை இத்தனை காலம் திறந்த வாயோடு கத்த விட்டிருக்கிறது. ரேடியோவுக்குத் தன் மூக்கின்மேல் கோபம் கோபமாக வந்தது.

"இந்தத் தடவை நான் தேய்க்க மாட்டேன்," என்றாள் ஒட்டடைக்குச்சியிடம். "எனக்கும் யாரும் தேய்க்க வேணாம்."

"பைத்தியமா உனக்கு? பேக்கிங்ல போய் என்ன பண்ணுவ? அங்க சத்தமே கெடையாது. சத்தமில்லாத எடத்துல நாம என்னத்தக் கேக்கப் போறோம்?"

ஒட்டடைக்குச்சி சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் ரேடியோவுக்கும் பயம். அந்தப் பெரும் இரைச்சலுக்குள் யாருக்கும்தான் காது கேட்காது, அங்கே அவள் யாருக்கும் குறைந்தவள் இல்லை. இன்னும் சொன்னால், அங்கே அவள்தான் ராணி. வாயைக் குவித்து முணுமுணுக்கிற மனிதர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தால்தான் அவள் செவிடு. தன்னைப் பற்றி அந்தச் சொல்லை அவள் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்த்தது அன்றுதான்.

டெஸ்ட் நாள் வந்தது. மருமகள் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள், ஹெட்போனை மாட்டினாள், கண்ணாடி வழியாக மாமியாரைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். ரேடியோ பெஞ்சில் இருந்தாள், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. ரேடியோவின் மூக்கு நிஜமாகவே அரித்தது. இத்தனை வருஷப் பழக்கம், மூக்குக்கு என்ன தெரியும்? தும்மல் வருகிற அளவுக்கு அரித்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது. கை மட்டும் தொடையை விட்டு வரவில்லை. கூண்டுக்குள் மருமகளின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. மருமகளின் கண் மாமியாரின் முகத்திலேயே இருந்தது, கேட்பது போல, பிறகு கெஞ்சுவது போல. ரேடியோ உதட்டை அசைத்தாள்.

"உன் காதால கேளு."

மருமகள் கண்ணை இழுத்து மூடிக்கொண்டாள். எப்போதாவது ஒரு தடவை பொத்தானை அழுத்தினாள். பல தடவை அழுத்தவில்லை. முடிந்து வெளியே வந்தபோது மாமியாரைப் பார்க்காமலே தாண்டிப் போனாள்.

ரேடியோ உள்ளே போனதும் முதல் வேலையாக நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள். பெஞ்சில் வந்து உட்கார்ந்த ஒட்டடைக்குச்சி மனசு கேட்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மூக்கு சிவந்ததுதான் மிச்சம். ரேடியோவின் முன்னால் வெறும் வெள்ளைச் சுவர். காதுக்குள் எப்போதும் இருக்கிற ரீங்காரம் மட்டும் இருந்தது. அது தொழிற்சாலை தனக்குக் கொடுத்தது, வீட்டுக்குப் போனாலும் கூடவே வருவது. பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எப்போது தொடங்குவார்கள் என்று இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்தது.

டெஸ்ட் எடுக்கிற பெண் கதவைத் திறந்து உள்ளே வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றாள்.

"முடிஞ்சுதும்மா."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

அந்தப் பெண் அவள் தோளில் கை வைத்தாள். ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்னைவிட மருமகளைப் பற்றித்தான் முதலில் கேட்டாள்.

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு," என்றாள் அந்தப் பெண், நிறுத்தி நிறுத்தி, உதடு தெரிகிற மாதிரி. "போனது திரும்பாது. ஆனா அவங்களுக்கு அதுல கொஞ்சம் வெறும் காதுக் களைப்புதான்னு தோணுது. சத்தத்துல இருந்து தள்ளி வெச்சா அது மட்டும் தேறலாம். இன்னும் போகாமலும் பாத்துக்கலாம்."

"எனக்கு?"

அந்தப் பெண் இல்லை என்பதுபோல் தலையை மெதுவாக ஆட்டினாள். உதட்டுப் பேச்சு தெரிந்தவளுக்கு அதுவே போதும்.

ஒட்டடைக்குச்சி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே உள்ளே போய்த் தானும் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களில் சிலர் திருப்பினார்கள், சிலர் மாட்டேன் என்று ஒருவருக்கொருவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்கள். திருப்பியவர்களே போதுமானவர்களாக இருந்தார்கள். மேனேஜர் வந்து முடிவுகளைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. மூக்குத் தேய்க்கிற ரகசியமும் அவருக்குத் தெரிந்துவிட்டது, பச்சை விளக்கின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி எல்லோருக்கும் மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். கூடத்தின் தங்கமெல்லாம் தகரம் என்று தெரிந்துபோயிற்று. மாதங்கள் ஆயின, ஒவ்வொரு பிரஸ்ஸாகக் கூடு வந்து ஏறியது. எல்லாவற்றுக்கும் இன்னும் வரவில்லை. அடைப்பான் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் ஆள் நிற்கிறான்.

எல்லோரையும் ஒரேயடியாக மாற்ற முடியாததால் முதலில் மாமியாரும் மருமகளும் பேக்கிங்குக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே பெண்கள் அட்டைப் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பேசினார்கள், சிரித்தார்கள். ரேடியோவுக்கு அவர்களின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்றார்கள். ஒலிபரப்ப ஒன்றுமில்லாத ரேடியோ அட்டைப் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அவள் தனியாக இருந்தாள், அதை யாரிடமும் சொல்லவில்லை.

போதாக்குறைக்கு மருமகள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ரேடியோவோடு சண்டை போடுவதைப்போல் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், கதவைச் சாத்தியது மாதிரி. பக்கத்து மேசையில் இருந்துகொண்டே திருப்பிக்கொண்டாள், வீட்டிலும் திருப்பிக்கொண்டாள். தையல்காரர்தான் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார். விளக்கை அணைத்துப் போட்டு, முகத்துக்கு நேரே வந்து நின்று, "அவ உங்கூடப் பேசலையாம், உங்கிட்ட சொல்லச் சொன்னா" என்பார்.

"நானும் பேசலன்னு சொல்லுங்க."

"ரெண்டு பேரும் எங்கிட்டயாவது பேசாம இருங்களேன், தைக்க வேண்டியது நெறைய கெடக்கு."

சிரிப்பு வந்தாலும் ரேடியோவுக்கு உள்ளுக்குள் வலித்தது. தான் செய்தது சரி என்று தெரியும். சரியாகச் செய்ததற்கு இப்படி முதுகைப் பார்த்துக்கொண்டே எத்தனை காலம் இருப்பது என்றுதான் தெரியவில்லை. சர்க்கரை டப்பாவை அவள் அப்புறம் தொடவே இல்லை. தடுக்க ஆளில்லாத சர்க்கரையில் என்ன இருக்கிறது?

கோடை முடிந்து முதல் மழை பெய்த சாயங்காலம். மருமகள் அடுப்புப் பக்கம் திரும்பி டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள், மாமியாருக்கு வழக்கம்போல் முதுகு. தையல்காரர் கடைச் சாமான் வாங்கப் போயிருந்தார். ரேடியோ வாசலில் நின்று அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாமல் அலமாரிக்குப் போனாள், டப்பாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள். ஈரத்துணி சுற்றவில்லை.

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. எப்போதும்போல் மூடி சத்தமில்லாமல் கையோடு வந்தது.

அடுப்பருகே மருமகளின் கை நின்றது. கரண்டி பாதி வழியில் நின்றது. பிறகு, அத்தனை நாளாகத் திரும்பாத முகம் திரும்பியது. உதடு அசைவதை ரேடியோ பார்த்தாள்.

"அத்தை, மூடுங்க."

சொல்லிவிட்டு மருமகள் தானே திகைத்துப்போனாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மாமியாரின் கையில் இருந்த மூடியைப் பார்த்தாள், மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாய் மூடவில்லை.

ரேடியோவுக்குக் கண் நிரம்பிவிட்டது. டப்பாவை இறுக்கி மூடி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பி நில்லு," என்றாள், தெருவுக்கே கேட்கிற குரலில். "இன்னொரு தடவை தொறக்கறேன்."